பெடலைக் கடைசியில் வாங்குங்கள்: சேலத்திலிருந்து மேடை மேடையாகப் போகும் கிடார்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆடி பிறந்தால் சேலத்துப் பேட்டைகள் எல்லாவற்றிலும் மாரியம்மன் பண்டிகை. கோட்டை, அம்மாபேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை, அன்னதானப்பட்டி என்று மேடை இடம் மாறிக்கொண்டே இருக்கும். மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா. நடுவில் ஆத்தூரில் ஒரு ரிசப்ஷன், ஓமலூரில் ஒரு கல்லூரி விழா. மெல்லிசைக் குழுவில் புதிதாகச் சேர்ந்த கிடார்காரர், வீட்டில் தேனாக ஒலித்த பெடல்களை, அதாவது கிடார் சத்தத்தை மாற்றித் தரும் கால்மிதிப் பெட்டிகளை, தூக்கிக்கொண்டு முதல் மேடை ஏறுகிறார். ஜாக்கைச் செருகியதும் ‘ம்ம்ம்’ என்று ஹம். இரண்டாவது பாட்டில் சத்தம் விட்டுவிட்டு வருகிறது. நான்காவது பாட்டில் அடியோடு நின்றுபோகிறது.

பெரும்பாலும் பெடலில் குற்றம் இருக்காது. குற்றம் கரண்டில் இருக்கும், இல்லையென்றால் கம்பியில் இருக்கும். அதனால் கடைக்குப் போனதும் பளபளக்கும் டிலே பெடலில் கை வைக்காதீர்கள். முதலில் கரண்ட், அடுத்து கேபிள், அதற்கடுத்து பெடல்களை அடுக்கும் பலகை, கடைசியில் பெடல். இந்தக் கட்டுரையும் ஏறக்குறைய அதே வரிசையில்தான் போகிறது.

முதலில் ஒரு முடிவு: பிராசசரா, தனிப் பெடல்களா?

ஒரே இரவில் முப்பது சினிமாப் பாட்டு வாசிக்கும் குழுவில் இருந்தால், பல பெடல்களின் வேலையை ஒரே பெட்டியில் செய்யும் பிராசசர் நல்ல தேர்வு. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு நம்பரில் சத்தத்தைச் சேமித்து வைக்கலாம். ஒரே அடாப்டர், ஒரே பெட்டி, மைக்செட்டுக்கு நேராகப் போகும் வெளியீடும் அதிலேயே இருக்கும். அதன் பலவீனம் ஒன்று உண்டு. கரண்ட் ஒரு நொடி போய் ஜெனரேட்டருக்கு மாறினால் பிராசசர் அணைந்து மறுபடி உயிர்பெற வேண்டும். அது எழுந்து வருவதற்குள் பாட்டின் இடையிசை முடிந்திருக்கும்.

தனிப் பெடல்களில் ஒன்று கெட்டால் அதை மட்டும் கழற்றிவிட்டு வாசிக்கலாம். பாட்டு ஓடும்போதே குனிந்து ஒரு குமிழைத் திருப்பலாம். சத்தம் எப்படி உருவாகிறது என்று காது கற்றுக்கொள்வதும் இதில்தான். புதியவருக்கு எங்கள் பரிந்துரை, ஐந்தே பெடல்: டியூனர் (சுருதி சேர்க்க), வா-வா (மிதியை ஆட்டினால் ‘வா வா’ என்று பேசும்), ஓவர்டிரைவ் (சத்தத்தை முரடாக்கும்), கோரஸ் (ஒரு கிடாரைப் பலவாகக் காட்டும்), டிலே (எதிரொலி தரும்). பழைய பாட்டு, புதிய பாட்டு இரண்டுக்கும் இது போதும். ஆறாவது பெடலை ஒரு சீசன் முடிந்தபிறகு யோசியுங்கள்.

9 வோல்ட்: எல்லாத் தவறும் தொடங்கும் இடம்

பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட் டிசியில் ஓடுகின்றன. டிரான்சிஸ்டர் ரேடியோவுக்காக வந்த சதுர பேட்டரியை 1960களின் பெடல்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த வழக்கம் இன்றுவரை தொடர்கிறது. அடாப்டர் முனையின் வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டர், உள்விட்டம் 2.1 மில்லிமீட்டர். இதில் விசேஷம், நடு முனை நெகட்டிவ், வெளிப்பக்கம் பாசிட்டிவ். அடாப்டரைச் செருகும்போது பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச், அந்த சாக்கெட்டின் வெளித்தொடர்பில் இருக்கிறது. பேட்டரியின் பாசிட்டிவ் கம்பியை அங்கே துண்டிக்க வேண்டுமானால் வெளிப்பக்கம் பாசிட்டிவாக இருந்தாக வேண்டும். தலைகீழாகத் தெரியும் இந்த ஏற்பாட்டுக்கு அதுதான் காரணம்.

ஆபத்து எங்கே வருகிறது? வீட்டு ரூட்டர், சிசிடிவி கேமரா, சில கீபோர்டுகள் ஆகியவற்றின் அடாப்டருக்கும் அதே அளவு முனைதான். ஆனால் அவை பெரும்பாலும் 12 வோல்ட், நடுவில் பாசிட்டிவ். அவசரத்தில் கீபோர்டுக்காரரின் அடாப்டரை எடுத்துச் செருகினால் பெடல் மின்திசை மாறி அடிவாங்கும். நல்ல காலம் இருந்தால் உள்ளே காவலுக்கு நிற்கும் டையோடு மட்டும் போகும். அதை மாற்றுவது சில ரூபாய் வேலை. இல்லையென்றால் ஐசியே போய்விடும். இதைத் தவிர்க்க ஒரே வழி: உங்கள் அடாப்டர் முனைகள் எல்லாவற்றிலும் சிவப்பு டேப் சுற்றுங்கள். சிவப்பு டேப் இல்லாத முனை உங்கள் பலகையைத் தொடக்கூடாது.

அடுத்து, எத்தனை மில்லி ஆம்பியர்? பெடலின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். சாதாரண ஓவர்டிரைவ் 5 முதல் 15 வரை எடுக்கும். அனலாக் கோரஸ் 10 முதல் 30. டிஜிட்டல் டிலே, ரிவர்ப் (பெரிய கூடத்தின் முழக்கம் தருவது) 50 முதல் 150. பெரிய டிஜிட்டல் பெடல்கள் 300, 500 என்று கேட்கும். பவர் சப்ளையின் ஒவ்வொரு வெளியீட்டு வாயிலும் எழுதியிருக்கும் எண், பெடல் கேட்பதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் பெடல் எரியாது, தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். குறைவாக இருந்தால் டிலே பெடலின் விளக்கு எரியும், ஆனால் சத்தம் கரகரக்கும், அல்லது தானாக அணைந்து எரியும். வோல்ட் விஷயம் வேறு. 9 வோல்ட் பெடலுக்கு 12 கொடுப்பது ‘கொஞ்சம் கூடுதல்’ ஆகாது; 18 தாங்கும் என்று ஸ்டிக்கரில் எழுதியிருந்தால் தவிர, 9 என்றால் 9.

விலை குறைந்த டிரான்ஸ்பார்மர் அடாப்டர்களை நம்பாதீர்கள். ‘9 வோல்ட்’ என்று எழுதிய ஒன்றைச் சும்மா வைத்து மல்டிமீட்டரில் பார்த்தால் 12, 13 காட்டுவது சாதாரணம். லோடு ஏறினால்தான் அது 9க்கு இறங்கும். ஓவர்டிரைவ் பெடல் அவ்வளவு லோடு ஏற்றாது.

ஒரே அடாப்டரிலிருந்து ஐந்து முனை பிரியும் தொடர் கம்பி மலிவு. அனலாக் பெடல்கள் மட்டும் இருந்தால் அது பரவாயில்லை. டிஜிட்டல் டிலே ஒன்று அந்தத் தொடரில் சேர்ந்தால், அதற்குள் ஓடும் கடிகாரத் துடிப்பின் ‘கீ...’ என்ற இரைச்சல் எர்த் கம்பி வழியாக ஓவர்டிரைவுக்குள் நுழையும். ஓவர்டிரைவ் அதையும் பெருக்கிக் காட்டும். இதற்குத் தீர்வு, ஒவ்வொரு வாயும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட பவர் சப்ளை. பெட்டியில் அப்படி எழுதியிருந்தால் மட்டும் நம்பாமல் சோதியுங்கள். மல்டிமீட்டரை ‘பீப்’ அடிக்கும் இடத்தில் வைத்து, சப்ளை அணைந்திருக்கும்போது இரண்டு வாய்களின் நடு முனைகளைத் தொடுங்கள். பீப் அடித்தால் உள்ளே எல்லாம் ஒரே கம்பிதான். அது பிரிக்கப்பட்ட சப்ளை இல்லை. உங்கள் மொத்தச் செலவில் பெரிய பங்கு இந்தச் சப்ளைக்குப் போனாலும் வருத்தப்பட வேண்டாம். பெடல்கள் மாறும், இது பத்து வருடம் கூட வரும்.

மேடையில் கரண்ட் பார்ப்பது

பெட்டியைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியது இது. மெயின்ஸ் கரண்டை மீட்டரில் பார்த்துப் பழக்கம் இல்லாவிட்டால் மேடை எலெக்ட்ரீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் கையாலேயே பாருங்கள். மீட்டர் ஏசி 600 வோல்ட் தாங்க வேண்டும், அதன் கம்பிகளில் வெடிப்பு இருக்கக்கூடாது.

முதலில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில்: 230 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். 207 முதல் 253 வரை என்றால் வாசிக்கலாம். அடுத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில்: கிட்டத்தட்ட அதே எண். இங்கே 90, 120 என்று ஆடினாலோ பூஜ்யம் காட்டினாலோ அந்தப் பிளக்கில் எர்த் இல்லை. மூன்றாவது, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில்: இரண்டு மூன்று வோல்ட்டுக்குள்.

ஜெனரேட்டரில் பயப்பட வேண்டியது நியூட்ரல் கழன்றுபோவதற்குத்தான். மூன்று ஃபேஸ் ஜெனரேட்டரில் நியூட்ரல் இணைப்பு தளர்ந்தால், லோடு குறைவாக இருக்கும் ஃபேஸில் 230 இருந்த இடத்தில் 400 வரை ஏறலாம். விளக்குகள் சில பளிச்சென்று, சில மங்கலாக எரிந்தால் அதுதான் அறிகுறி; அந்த நொடியே பிளக்கைப் பிடுங்குங்கள். வோல்டேஜ் ஏறினால் தானாகத் துண்டிக்கும் சிறிய கருவி எலெக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கிறது. அதை உங்கள் ஜங்ஷன் பாக்ஸுக்கு முன்னால் போட்டுவிடுவது நல்லது.

சீரியல் செட், டிம்மர், எல்இடி திரை ஆகியவை இருக்கும் ஃபேஸில் உங்கள் பிளக்கைப் போடாதீர்கள். மைக்செட் மிக்ஸர் எந்த இணைப்பில் ஓடுகிறதோ அதிலிருந்தே உங்களுக்கும் ஒரு வயர் கேளுங்கள். இரண்டும் ஒரே எர்த்தில் இருந்தால் பாதி ஹம் தானாகவே போய்விடும்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று. பாடிக்கொண்டே வாசிப்பவராக இருந்தால், உதட்டை மைக்கில் வைப்பதற்கு முன், மீட்டரை ஏசியில் வைத்து ஒரு முனையைக் கிடார் கம்பியிலும் மறு முனையை மைக்கின் வலையிலும் தொடுங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பாடாதீர்கள். எர்த்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். கோயில் மேடையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறோம். ஆடி மழையில் நனைந்த பலகை, வெறுங்கால், கையில் இரும்புக் கம்பி. ஹம் போக வேண்டும் என்று மூன்றாவது பின்னை வெட்டிவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள், யாரையும் செய்யவும் விடாதீர்கள். ஹம்மைப் போக்க வேறு வழி இருக்கிறது. கீழே ‘மைக்செட்டுக்குப் போகும் வழி’ பகுதியில் வருகிறது.

கேபிள்: நீளம் அதிகமானால் ‘பளிச்’ குறையும்

கிடார் கேபிளில் ஒரு மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் இருக்கும். சாதாரண கிடாரின் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) அதிக இம்பீடன்ஸ் உள்ளது. அதற்கு 13 மீட்டர் கேபிள் பெரிய சுமை. கிடாரிலிருந்து பலகைக்கு 6 மீட்டர், பலகையிலிருந்து ஆம்புக்கு 6 மீட்டர், நடுவில் பெடலுக்குப் பெடல் இணைக்கும் சின்ன பேட்ச் கேபிள்கள் சேர்ந்து ஒரு மீட்டர். இத்தனையும் தாண்டி வரும் சத்தம் போர்வை போர்த்தியதுபோல இருக்கும். ‘ட்ரூ பைபாஸ்’ பெடல்கள் அணைந்திருக்கும்போது வெறும் கம்பி மாதிரி. அவற்றால் இதற்கு உதவி இல்லை. வரிசையின் தொடக்கத்தில் பஃபர் (கேபிளின் சுமையைத் தாங்கும் சின்ன சர்க்கியூட்) உள்ள ஒரு பெடல் இருந்தால் போதும். பல டியூனர் பெடல்களில் அது உள்ளேயே இருக்கிறது. எல்லாமே ட்ரூ பைபாஸாக இருக்க வேண்டும் என்று தேடி அலைவது வீண்.

பேட்ச் கேபிள்களை நீங்களே செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். பெடல்போர்டில் அதிகம் சாகும் பொருள் இதுதான். 25 வாட் சால்டரிங் ஐயன், 60/40 ஈயம், தட்டையான வளைந்த ஜாக்குகள், நல்ல ஷீல்டு கேபிள் போதும். 15 சென்டிமீட்டர் துண்டு வெட்டுங்கள். வெளித்தோலை ஒரு சென்டிமீட்டர் உரித்து, ஷீல்டு வலையைப் பிரித்து முறுக்குங்கள். இனிதான் பலர் சறுக்கும் இடம்: சில கேபிள்களில் வலைக்குக் கீழே கறுப்பு நிறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்று இருக்கும். பார்க்கச் சாதாரண பிளாஸ்டிக், ஆனால் அது கரண்ட் கடத்தும். அதை நடுக்கம்பியிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னால் உரித்துவிட வேண்டும். விட்டுவிட்டால் அது முனையைத் தொட்டு, சத்தம் மெலிந்து மங்கலாக வரும். கேபிள் நன்றாகத்தானே இருக்கிறது என்று மணிக்கணக்கில் தேடுவீர்கள்.

நடுக்கம்பி ஜாக்கின் முனைக்கு, வலை உடம்புக்கு. முதலில் ஜாக்கைச் சூடாக்கி அதில் ஈயத்தை உருகவிடுங்கள், பிறகு கம்பியை வையுங்கள். ஈயம் ஆறும்வரை அசைக்காதீர்கள். சாம்பல் நிறமாக, மணல்மணலாக ஆறினால் அது பிடிக்காத ஈயம், மறுபடி செய்யுங்கள். முடிந்ததும் மீட்டரில் பார்ப்பது: முனைக்கு முனை பீப், உடம்புக்கு உடம்பு பீப், முனைக்கு உடம்பு அமைதி. பார்க்கும்போதே கேபிளை வளைத்து ஆட்டுங்கள்.

வரிசை

கிடாரிலிருந்து டியூனர், அடுத்து வா-வா, ஓவர்டிரைவ், கோரஸ், டிலே. ரிவர்ப் இருந்தால் கடைசியில். காரணம் எளிது. ஓவர்டிரைவ் தனக்கு வருவது எல்லாவற்றையும் நசுக்கும்; டிலேயின் எதிரொலிகளை அதற்கு முன்னால் வைத்தால், எதிரொலியும் அசலும் ஒன்றாக நசுங்கிக் கூழாகும். பிறகு வைத்தால் நசுங்கிய சத்தமே தெளிவாகத் திரும்பத் திரும்ப வரும். இது சட்டம் இல்லை. வா-வாவை ஓவர்டிரைவுக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள், வேறு குணம் வரும். ஆனால் மேடைக்கு முந்தின நாள் இந்தப் பரிசோதனை வேண்டாம்.

ஃபஸ் (ஓவர்டிரைவைவிட முரடாகச் சத்தத்தை நசுக்கும் பெடல்) வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, சேலத்துக்கென்றே. 1966இல் லண்டனில் வெளிவந்த ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடல்களின் தொடக்க வடிவம் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரில் ஓடியது. இன்றும் அப்படியே செய்து விற்கிறார்கள். ஜெர்மேனியத்துக்கு வெயில் ஆகாது. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் அதன் கசிவு மின்னோட்டம் ஏறக்குறைய இரட்டிக்கும். மே மாதச் சேலத்து மாலையில் அந்தப் பெடல் அடைத்துக்கொண்டு தும்மும். அதே பெடலை ஏற்காட்டுக் குளிரில் வாசித்தால் பட்டுப்போல வரும். கெட்டுப்போனது என்று நினைத்துப் பிரிக்காதீர்கள். சமவெளி மேடைகளுக்குச் சிலிக்கான் ஃபஸ் வாங்குங்கள். இன்னொன்று, இந்த வகை ஃபஸ்ஸுக்கு முன்னால் பஃபர் இருந்தால் சத்தம் கூர்மையாகிக் கத்தும். அதை மட்டும் டியூனருக்கும் முன்னால், கிடாருக்கு நேர் அடுத்ததாக வையுங்கள்.

வயலின், மாண்டலின், அக்கூஸ்டிக் கிடார் ஆகியவற்றில் பியசோ பிக்கப் (உடம்பின் அதிர்வைப் பிடிக்கும் சின்ன வில்லை) ஒட்டியிருப்பவர்கள் நேராகப் பெடலில் செருகினால் அடிச்சத்தம் போய் தகரம்போல ஒலிக்கும். பியசோவுக்கு ஒரு மெகாஓமுக்குக் குறையாத உள்ளீடு வேண்டும். ஒரு சின்ன ப்ரீஆம்ப் முதலில், பெடல்கள் அதற்கப்புறம்.

பலகை

ஐந்து பெடலுக்கு 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம் போதும். பாஸ் நிறுவனத்தின் சிறிய பெடல் 73 மில்லிமீட்டர் அகலம், 129 நீளம். 1977இலிருந்து ஏறக்குறைய இதே உருவம்தான். தட்டை ஜாக்கோடு சேர்த்து ஒவ்வொரு பெடலுக்கும் நடுவில் 3 சென்டிமீட்டர் விடுங்கள். வாங்குவதற்கு முன் செய்தித்தாளில் பெடல்களின் அளவை வெட்டித் தரையில் அடுக்கிப் பாருங்கள். வா-வா வலது ஓரத்தில் இருந்தால் வலது காலுக்கு வசதி. கிடாரிலிருந்து வரும் கேபிளும் அந்தப் பக்கம்தான் வருகிறது.

ஆயத்தப் பலகை வாங்க வேண்டியதில்லை. அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறையில் சொன்னால் இரண்டு பக்கச் சட்டம், குறுக்கே நான்கு பட்டை, பின்பக்கம் 5 சென்டிமீட்டர் உயரம் என்று அரை நாளில் செய்து தருவார்கள். பட்டைகளுக்கு நடுவில் இடைவெளி விடச் சொல்லுங்கள், கேபிள் கீழே இறங்க வேண்டும். ஓரங்களை அரம் போட்டு மழுக்கச் சொல்லுங்கள். கூரான ஓரம் கேபிளையும் அறுக்கும், வெறுங்காலையும் அறுக்கும்.

ஒட்டும் வெல்க்ரோ இங்கே ஏமாற்றும். வெயிலில் நின்ற வேனுக்குள் அதன் பசை இளகி, பெடல் பசையோடு நழுவி வந்துவிடும். உறுதியான வழி, சைக்கிள் செயின். சைக்கிள் கடையில் பழைய செயினை வாங்கி ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்து, பெடலின் அடி ஸ்குரூவைக் கழற்றி, கண்ணியின் ஒரு ஓட்டை வழியாக அதே ஸ்குரூவை மறுபடி முறுக்குங்கள். மறு ஓட்டையில் பலகையோடு சேர்த்து ஒரு ஸ்குரூ. ஒரு பெடலுக்கு நான்கு கண்ணி. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த பிறகு போடுங்கள், இல்லாவிட்டால் கிரீஸ் எங்கும் பரவும். பெடலை அடிக்கடி மாற்றுபவருக்கு மட்டும் வெல்க்ரோ, மேலே ஒரு ஜிப் டை.

பவர் கம்பியும் சத்தக் கம்பியும் பக்கத்தில் பக்கத்தில் நெடுக ஓடக்கூடாது. பவர் எல்லாம் பின் விளிம்பில், சத்தம் முன்னால். குறுக்கிட்டே ஆக வேண்டுமானால் கூட்டல் குறிபோல நேர்குத்தாகக் கடக்கட்டும்.

மைக்செட்டுக்குப் போகும் வழி

நம் பக்கத் திருவிழா மேடைகளில் கிடார் ஆம்ப் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சத்தம் நேராக மிக்ஸருக்குப் போகும். ஓவர்டிரைவை அப்படியே அனுப்பினால் கேட்பவர் காதில் தேனீக் கூட்டம். கிடார் ஆம்பின் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலியை வேகமாகக் குறைத்துவிடும். பெரிய மைக்செட் ஸ்பீக்கரும் ஹாரனும் அந்தச் சீறலை முழுசாக வெளியே தள்ளும். ஆகவே வரிசையின் கடைசியில், கிடார் ஸ்பீக்கரைப்போலச் சீறலைக் குறைக்கும் கேபினட் சிமுலேட்டர் ஒன்று வேண்டும். தனிப் பெடலாகவும் வருகிறது, சில டிஐ பாக்ஸுக்குள்ளும் இருக்கிறது. இல்லாத நாளில் மிக்ஸர்காரரிடம் ‘அண்ணா, கிடார் சேனலில் ஹையை நல்லா இறக்கிடுங்க’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். முழுத் தீர்வு இல்லை, அன்றைய இரவைக் காப்பாற்றும்.

அதற்கப்புறம் டிஐ பாக்ஸ். அது உங்கள் சத்தத்தை மைக் கேபிளில் போகக்கூடிய சமநிலைச் சத்தமாக மாற்றித் தருகிறது. ஐம்பது மீட்டர் தள்ளி இருக்கும் மிக்ஸருக்கும் இரைச்சல் சேராமல் போகும். டிரான்ஸ்பார்மர் உள்ள பாசிவ் வகையே பெடல்போர்டுக்குப் போதும், அதற்குக் கரண்ட் தேவையில்லை. ஆக்டிவ் வகை என்றால் மிக்ஸரிலிருந்து மைக் கேபிள் வழியாகவே வரும் 48 வோல்ட் பேண்டம் பவர் கேட்க வேண்டும். ஹம் வந்தால் டிஐ பாக்ஸில் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைத் தட்டுங்கள். அது சத்தக் கம்பியின் ஷீல்டை மட்டும் துண்டிக்கிறது, உயிர்காக்கும் எர்த்தைத் தொடுவதில்லை. பிளக் பின்னை வெட்டாமல் ஹம்மை விரட்டும் சரியான வழி இதுதான்.

டிலே, கோரஸ் பெடலில் இரண்டு வெளியீடு இருந்தால் ‘மோனோ’ என்று எழுதியதை மட்டும் பயன்படுத்துங்கள். இரண்டையும் அனுப்பி, அங்கே மிக்ஸரில் ஒன்றாகச் சேர்ந்தால் கோரஸ் சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும்.

சவுண்ட் செக்கில் முதலில் பெடல் எதுவும் போடாமல் பலமாக வாசியுங்கள். பிறகு ஒவ்வொரு பெடலாகப் போட்டு, சத்தம் ஏறாமல் இறங்காமல் அதன் லெவலைச் சரிசெய்யுங்கள். சோலோவுக்கு மட்டும் 3 முதல் 6 டெசிபல் ஏற்றம். இதைச் செய்யாமல் ஓவர்டிரைவை மிதித்ததும் சத்தம் பாய்ந்தால், மிக்ஸர்காரர் உங்கள் ஃபேடரைக் கீழே இழுப்பார். சோலோ முடிந்ததும் அதை மேலே ஏற்ற அவருக்கு ஞாபகம் இருக்காது. மீதிப் பாட்டெல்லாம் நீங்கள் ஊமை.

டிலே நேரத்தைக் காதால் தேடாதீர்கள், கணக்குப் போடுங்கள். 60,000ஐ பாட்டின் வேகத்தால் வகுத்தால் ஒரு தட்டுக்கான மில்லிசெகண்ட். நிமிடத்துக்கு 100 தட்டு என்றால் 600. முக்கால் தட்டு எதிரொலி வேண்டுமானால் 450. பாட்டு லிஸ்ட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் அந்த எண்ணை எழுதிவையுங்கள். குமிழ்கள் பிடித்த இடத்தில் நின்றதும் நகப்பூச்சால் ஒரு புள்ளி வையுங்கள், போனில் ஒரு படம் எடுங்கள். பயணத்தில் குமிழ்கள் திரும்பிவிடும்.

வெறுங்காலுக்காக இன்னொன்று. உருண்டைத் தலை உள்ள இரும்பு சுவிட்சை இரவு முழுதும் வெறுங்காலால் மிதித்தால் பாதம் வலிக்கும். அதன்மேல் மாட்டும் அகலமான பிளாஸ்டிக் தொப்பிகள் கிடைக்கின்றன. இல்லாவிட்டால் அகலத் தட்டு மிதி உள்ள பெடல்களையே தேர்ந்தெடுங்கள்.

பாட்டின் நடுவில் சத்தம் நின்றால்

குனிந்து ஒவ்வொரு கேபிளாக ஆட்டாதீர்கள். முதல் வேலை, கிடார் கேபிளைப் பலகையிலிருந்து பிடுங்கி நேராக டிஐ பாக்ஸில் செருகுவது. பத்து நொடியில் பாட்டு திரும்பிவிடும். எஃபெக்ட் இல்லாததைக் கூட்டத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள், கிடார் இல்லாததை எல்லோரும் கவனிப்பார்கள். அப்படியும் சத்தம் இல்லையென்றால் குற்றம் கிடார் கேபிளில் அல்லது டிஐ பாக்ஸுக்கு அப்பால்.

பாட்டு முடிந்த இடைவெளியில் பாதிப்பாதியாகத் தேடுங்கள். ஐந்து பெடலில் மூன்றாவதன் வெளியீட்டிலிருந்து நேராக டிஐக்குப் போடுங்கள். சத்தம் வந்தால் குற்றம் பின்பாதியில், வராவிட்டால் முன்பாதியில். மறுபடி அந்தப் பாதியைப் பாதியாக்குங்கள். மூன்று முயற்சிக்குள் குற்றவாளி அகப்படும். விளக்கே எரியாத பெடல் என்றால் பவர் கம்பி. விளக்கு எரிந்து சத்தம் இல்லையென்றால் பேட்ச் கேபிள். இரண்டுக்கும் மாற்று பையில் இருக்க வேண்டும்: பேட்ச் கேபிள் இரண்டு, நீளக் கேபிள் ஒன்று, பவர் கம்பி ஒன்று, புது 9 வோல்ட் பேட்டரி ஒன்று, மீட்டர், நட்சத்திர ஸ்குரூடிரைவர், டேப், டார்ச். பேட்டரியில் ஓடும் பெடலின் உள்ளீட்டு ஜாக்கை வாசித்து முடித்ததும் உருவிவிடுங்கள். ஜாக் உள்ளே இருக்கும்வரை பெடல் ஓடிக்கொண்டேதான் இருக்கும். காலையில் பேட்டரி காலி.

ஏற்காட்டுக்கு ஏறும்போதும் இறங்கும்போதும்

இருபது கொண்டை ஊசி வளைவு. பலகையை வேனில் நிறுத்தி வைத்தால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கம் சாயும், ஜாக்குகளின் கழுத்தில் பாரம் விழும். படுக்க வைத்து, மேலே எதுவும் ஏற்றாமல், மெத்தையோ போர்வையோ சுற்றி வையுங்கள். மலையேறி இறக்கியதும் எல்லா ஜாக் நட்டுகளையும் விரலால் திருகிப் பாருங்கள். குலுக்கலில் முதலில் தளர்வது அவைதான். தளர்ந்த நட்டோடு வாசித்தால் ஜாக் சுழன்று உள்ளே கம்பி அறுந்துவிடும்.

ரயிலில் போகிறவர்களுக்கு வசதி அதிகம். ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு சென்னைக்குப் போனால், 60க்கு 30 பலகை படுக்கைக்கு அடியில் தாராளமாகப் போகும். கதவோரம் வைக்காதீர்கள், சங்கிலி போட்டுப் பூட்டுங்கள்.

மலை மேடையில் இரவு ஒன்பது மணிக்குமேல் மூடுபனி இறங்கும்போது பெடல்களின் இரும்பு மேல் ஈரம் படியும். வாசிக்காத நேரத்தில் ஒரு துண்டைப் போட்டு மூடுங்கள். வெயிலில் வந்த கிடார் அங்கே குளிர்ந்ததும் கம்பிகள் சுருங்கிச் சுருதி ஏறும். மேடை ஏறுவதற்கு அரை மணி முன்பே பெட்டியைத் திறந்து வைத்து, பிறகு டியூன் செய்யுங்கள்.

இறங்கும்போதுதான் பெரிய ஆபத்து, அதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. இரவெல்லாம் மலைக் குளிரில் இருந்த பெடல்களைக் காலையில் சேலத்தின் புழுக்கத்தில் திறந்தால், ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பதுபோல பெடலுக்கு உள்ளேயும் வியர்க்கும். அந்த நிலையில் கரண்ட் கொடுத்தால் சர்க்கியூட்டில் கசிவு. அதோடு நின்றாலும் சில மாதத்தில் சுவிட்சும் ஜாக்கும் பச்சை பிடிக்கும். மலையிலேயே பலகையைப் பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு, நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலம் சேர்த்து வாயைக் கட்டிவிடுங்கள். சேலம் வந்ததும் பையைத் திறக்காமல் ஒரு மணி நேரம், முடிந்தால் இரண்டு மணி நேரம் அப்படியே வையுங்கள். வெளியிலிருந்து தொட்டுப் பார்த்தால் குளிர் போயிருக்க வேண்டும். அதன் பிறகு திறந்து, ஜாக் துளைகளில் காண்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு பீச்சி, வெறும் ஜாக்கை நாலைந்து முறை செருகி எடுத்து, அது உலர்ந்ததும் பவரைப் போடுங்கள்.